துடக்கோடு கூப்பிட்டேன்

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு லண்டன் ஆர்ச்வே மேட்டில் முருகன் கோயிலுக்கு ஏறி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்னை முகத்தில் தெரியும். ஸ்ட்ரெதமிலிருந்து வந்து, தீபாராதனைக்குக் கடைசி நிமிடத்தில் உள்ளே ஓடுகிறவன். கடைகளுக்குக் குளிர்பெட்டி திருத்துகிறவன். உங்களில் சிலருடைய கடையில் பிரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவனும் நான்தான். என் அனுபவத்தை மேடையில் ஏறிச் சொல்லும்படி கேட்டார்கள். மைக்கைப் பிடித்தால் அழுதுவிடுவேன் என்று மறுத்துவிட்டேன். கோயில் மலருக்கு எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதும்போது அழுதால் யாருக்கும் தெரியாது.

போன வருடம் மாசி மாதம், சுவீடனின் வடக்குக் கோடியில், ஒரு பனிவெளியில் என் தம்பியைத் தொலைத்தேன். பட்டப்பகலில்தான் தொலைத்தேன். காற்று பனியை வாரி அடித்ததில் என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. கூப்பிட்டால் வருகிற தெய்வம் ஒன்று எனக்கு உண்டு. சின்ன வயது முதல் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் எனக்குத் துடக்கு.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தியாவிலிருந்து வந்து எங்களோடு கும்பிடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், நீங்கள் தீட்டு என்று சொல்வதைத்தான் நாங்கள் துடக்கு என்கிறோம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் கோயில் பக்கம் தலைவைத்துப் பார்க்கமாட்டோம். சாமியறையில் விளக்கு வைக்கமாட்டோம். எங்கள் அம்மா இன்னும் ஒரு படி மேலே. துடக்கு நாட்களில் முருகன் படம் போட்ட காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவா. திகதி பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டும். "அரோகரா" என்று ஒரு சத்தம் வரக்கூடாது. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த வாய் இது.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் யோகன். என்னைவிட ஏழு வயது இளையவன், வீட்டில் கடைக்குட்டி. நான் லண்டனுக்கு வந்த காலத்தில் அவன் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தான். வடக்கே, கடலோரத்தில், ஒரு மீன் தொழிற்சாலையில் பல வருடங்கள் வேலை செய்தான். பிறகு என்னோடு இருக்க வேண்டுமென்று லண்டனுக்கு வந்து, சவுத்தாலில் ஒரு மீன்கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் கை வேகத்தைப் பார்க்கவே சனம் வரிசையில் நிற்கும்.

அவனுக்குத்தான் இந்த விசர் பிடித்தது. உறைந்த காட்டுக்குள்ளும் மலைவெளியிலும் நாள்கணக்கில் போகிற ஒரு போட்டி. சாப்பாடு, படுக்கை, அடுப்பு எல்லாவற்றையும் ஒரு ஸ்லெட்ஜில் கட்டி, வாரை இடுப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு பேர் சோடியாகவும் சேரலாம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் கேட்டான்.

"அண்ணை, வாறியளோ?"

"உனக்கென்ன விசரோ? அந்தப் பனிக்கை இருந்து தப்பித்தானே இஞ்ச வந்தனி?"

"அதுதான் அண்ணை. அந்தப் பனிக்கை ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து வேலைக்குப் போனனான். ஒருக்காலாவது பயமில்லாமல் நடந்து பாக்கோணும்."

நான் ஓம் என்றேன். எனக்கும் இரத்தத்தில் சீனி ஏறி வருத்தம் எட்டிப் பார்க்கிறது, நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது ஸ்ட்ரெதம் கொமனைச் சுற்றி நடப்பதைத்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் பழகினோம். எனக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடைக்காரர், அவருடைய உறைமீன் அறைக்குள் எங்களை இருத்திக் கதவைச் சாத்துவார். உள்ளே இருந்து அடுப்பு மூட்டாமல் கையுறையோடு வார் கட்டப் பழகுவோம். மற்ற நாட்களில் பழைய கார் டயரை இடுப்பில் கட்டி மேட்டில் இழுப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு வரும்போது, பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்த ஒரு அக்கா எங்களை மறித்தா.

"தம்பியவை, இதென்ன நேர்த்திக்கடன்? முதுகிலை செடில் குத்தாமல் சும்மா கட்டி இழுக்கிறியள்?"

யோகன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னான், "படிப்படியாய்த்தான் அக்கா. முதல் டயர். பிறகு தேர்."

அந்த அக்கா அதை நம்பி, எங்கள் இரண்டு பேருக்கும் திருநீறு பூசிவிட்டுப் போனா. இதை வாசித்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

அம்மா ஊரில் எங்கள் அக்காவோடு இருந்தா. எத்தனை முறை கூப்பிட்டும் லண்டனுக்கு வரமாட்டேன் என்றிட்டா. போட்டியைப் பற்றிப் போனில் சொன்னபோது முதலில் ஏசினா. பிறகு எனக்கு மட்டும் சொன்னா, "போறதெண்டால் போங்கோ. அவனை அங்கை விட்டிட்டு நீ தனிய வந்திடாதை." அதுதான் அவ எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை. போனை வைக்கும்போது அது கடைசி என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டி தொடங்கிய முதல் நாட்கள் நன்றாகத்தான் போயின. நன்றாக என்றால், உயிரோடு இருந்தோம். மூச்சு விட்டால் மீசையில் உறையும். சூடாகக் குடித்த தேத்தண்ணி போத்தலின் வாயில் சாயங்காலத்துக்குள் ஐஸ் கட்டிவிடும். யோகன் அந்த ஊர் ஆள் போல நடந்தான். முன்னே போவான், நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பான், பிறகு போவான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. டயர் இழுத்த காலத்திலிருந்தே தொடங்கியது. காலையில் வாரை மாட்டியவுடன் அவன் "கந்தனுக்கு" என்பான். நான் "அரோகரா" என்பேன். பிறகு நான் "வேலனுக்கு" என்பேன். அவன் "அரோகரா" என்பான். அதற்குப் பிறகுதான் முதல் அடி. கூட வந்த வெள்ளைக்காரர்களும் எங்களைப் பார்த்துவிட்டு எங்களோடு கத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வாயில் அது வேறு மாதிரி வரும். முருகனுக்கு விளங்கும் என்று யோகன் சொல்லுவான்.

நடுவழியில் ஒரு மரக்குடில். அது ஒரு செக்பொயிண்ட். அன்று பின்னேரம் அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. வீட்டுக்குக் கோல் எடுக்கட்டாம். யோகன் அடுப்பு மூட்ட வெளியே நின்றான். குடிலில் இருந்த சாட்டிலைட் போனில் எடுத்தேன். என் மனைவி கமலா அழுது முடித்த குரலில் பேசினா.

"இஞ்சேருங்கோ, இருந்துகொண்டு கேளுங்கோ. மாமி மோசம் போயிட்டா."

போனைக் காதோடு அமத்திப் பிடித்தேன்.

"விடிய எழும்பேல்லையாம். நித்திரையிலை போயிருக்கிறா. ஊரிலை மச்சாள் கேக்கிறா, நீங்கள் வருமட்டும் பெட்டியை வைச்சிருக்கிறதோ எண்டு. யோகன் தானே கொள்ளி வைக்கோணும்."

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைசிப் பிள்ளை. அம்மா அதை அடிக்கடி சொல்லிக் காட்டுவா. "என்ரை கடைக்குட்டியின்ரை கையாலை போவன்" என்பா.

"வைச்சிருக்கச் சொல்லு," என்றேன். "அவனுக்கு நான் சொல்லுறன்."

குடிலில் இருந்தவர்களிடம் விசாரித்தேன். றோட்டு இருப்பது அடுத்த செக்பொயிண்டில்தான். அங்கிருந்து கார், பிறகு விமானம். பனி ஸ்கூட்டர் காயம்பட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அது திரும்பி வந்து எங்களை ஏற்றிப் போவதும், நாங்கள் காலையில் நடக்கத் தொடங்கி அங்கே போய்ச் சேர்வதும் ஒரே நேரந்தான் ஆகும் என்றார்கள். இடையில் இருப்பது மரமில்லாத திறந்த மேட்டுவெளி.

நான் எடுத்த முடிவு இதுதான். றோட்டுக்குப் போன பிறகு சொல்வோம். அந்தக் குளிரில் கன்னத்தில் வழிகிற கண்ணீரும் உறைந்துவிடும். அவன் இப்போது உடைந்தால் நாளைக்கு எப்படி நடப்பான்? எங்கள் ஆட்கள் இதைத்தானே செய்வோம். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குச் சொல்லமாட்டோம், பிரயாணத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லமாட்டோம். நல்லதுக்கு என்று நினைத்துத்தான் ஒளிக்கிறோம். அன்று இரவு அவன் என் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கினான். நான் தூங்கவில்லை.

எல்லாவற்றையும் யோசித்தேன், ஒன்றைத் தவிர. காலையில் வாரை மாட்டினோம். வானம் மங்கலாக இருந்தது. யோகன் கையைத் தூக்கினான்.

"கந்தனுக்கு!"

நான் அரோகரா சொல்லவில்லை. அழுகையினால் இல்லை. எனக்குத் துடக்கு, நான் சொல்லக்கூடாது. அவனுக்குப் பிழையில்லை, செய்தி காதில் விழுந்த பிறகுதான் துடக்கு என்பது அம்மாவின் சட்டம். என் காதில் விழுந்துவிட்டதே. நான் குனிந்து வாரைச் சரிசெய்வது போல நின்றேன்.

"கந்தனுக்கு! அண்ணை, காது உறைஞ்சு போச்சோ?"

நான் நிமிரவில்லை. அவன் என் முன்னால் வந்து நின்றான். முகத்தை மூடிய துணியைக் கீழே இழுத்தான். சிரிப்பு போய்விட்டது.

"ஆர் அண்ணை?"

"நட, பிறகு கதைப்பம்."

"ஆர் எண்டு கேக்கிறன். துடக்கெண்டால்தான் நீங்கள் வாய் திறக்க மாட்டியள். ஆர்?"

நான் அவனைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவன் கண்டுகொண்டான்.

"அம்மாவோ?"

"ஓம்."

"எப்ப?"

"நேற்று விடிய."

"நேற்றுப் பின்னேரம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு எனக்குப் பக்கத்திலை படுத்தனீங்கள்." அவன் குரல் ஏறவில்லை. "பெட்டியிலை வைச்சிருக்கினமோ?"

"ஓம். உனக்காகத்தான். றோட்டுக்குப் போனதும் சொல்லுவம் எண்டுதான்..."

அவன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. றோட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினான். நடை இல்லை அது, ஓட்டம். இத்தனை நாளும் திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனவன் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் என் பாரத்தை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "தம்பி, மெல்ல, மெல்ல" என்று கத்தினேன். இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவன் ஒரு சின்னப் புள்ளியானான். பிறகு காற்று எழும்பியது.

அந்தக் காற்றை நான் எப்படிச் சொல்வது? வானத்திலிருந்து பனி விழவில்லை. தரையில் கிடந்த பனி முழுவதும் எழும்பி நின்றது. மேல் எது, கீழ் எது என்று தெரியாது. காலை வைத்த பிறகுதான் அங்கே நிலம் இருக்கிறது என்று தெரியும். யோகனின் ஸ்லெட்ஜ் தடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். கொஞ்சத் தூரத்தில் அதுவும் மூடிப்போனது.

பிறகு என் கால் எதிலோ இடறியது. அது அவனுடைய ஸ்லெட்ஜ். வார் கழற்றப்பட்டிருந்தது. ஆள் இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. பாரமில்லாமல் ஓடினால் கெதியாய் றோட்டுக்குப் போகலாம், அம்மாவிடம் போகலாம் என்று நினைத்திருக்கிறான். அத்தனை வருடம் பனியில் வாழ்ந்தவன், என்ன நடந்தாலும் ஸ்லெட்ஜை விடக்கூடாது என்று எனக்குப் படிப்பித்தவன், அவனே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். படுக்கை அதில் இருந்தது. அடுப்பு அதில் இருந்தது. அவன் இருக்கிற இடத்தைக் காட்டுகிற கருவியும் அதில்தான் கட்டியிருந்தது. அப்படியென்றால் தேடி வருகிறவர்கள் இந்த ஸ்லெட்ஜைத்தான் கண்டுபிடிப்பார்கள், அவனை இல்லை. பக்கத்தில் அவனுடைய ஒரு கையுறை, பாதி புதைந்து கிடந்தது. கொக்கியைக் கழற்றக் கையுறையை உருவியிருக்கிறான்.

என் நெஞ்சில் கட்டியிருந்த கருவியில் உதவிப் பொத்தானை அமத்தினேன். பதில் வந்தது. காற்று குறையாமல் வர முடியாது, இருக்கிற இடத்திலேயே இருங்கள். விசிலை ஊதினேன். அது உள்ளே உறைந்து சத்தமில்லாமல் போயிருந்தது. "யோகன்! யோகன்!" என்று கத்தினேன். என் குரல் என் வாயிலேயே நின்றது. ஒரு பக்கம் போனால் அவனிடம் போகலாம், மறுபக்கம் போனால் அவனைவிட்டு விலகிப் போவேன். எந்தப் பக்கம் எது என்று யாருக்குத் தெரியும்?

நான் முழந்தாளில் இருந்துவிட்டேன். அம்மா பெட்டியில் கிடக்கிறா. கொள்ளி வைக்க வேண்டியவன் இந்தப் பனிக்குள் கிடக்கிறான். "அவனை விட்டிட்டு நீ தனிய வந்திடாதை" என்று சொன்னவவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? என் நெஞ்சு முழுக்க ஒரு பெயர்தான் நின்றது. அதைச் சொல்லக்கூடாது. நான் அசுத்தம். என்மேல் சாவு இருக்கிறது. இந்த நேரத்தில் கூப்பிட்டால் வருகிறவர்கூட வராமல் போய்விடுவாரோ என்ற பயம். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். தம்பி செத்துக்கொண்டிருக்கிறான், இவன் துடக்குப் பார்க்கிறான் என்று நினைப்பீர்கள். பிறந்த நாளிலிருந்து பழகிய ஒன்றை ஒரு நிமிடத்தில் கழற்றி எறிய எனக்கு முடியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. பிறகு கோபம் வந்தது. யார்மேல் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எழும்பி நின்றேன். முகத்துணியை இழுத்தேன். காற்று வாய்க்குள் அடித்தது.

"முருகா," என்றேன். "எனக்குத் துடக்கு. அம்மா செத்துப்போனா. சுத்தமாகி வாறதுக்கு எனக்கு நேரமில்லை. அவனைத் தா."

சொன்னது அவ்வளவுதான். பிறகு என் உடம்பில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன்.

"கந்தனுக்கு!"

காற்று மட்டும் கேட்டது.

"கந்தனுக்கு!"

இடது கைப் பக்கம், நான் நினைக்காத பக்கம், மிக மெல்லிய ஒரு சத்தம் வந்தது. நித்திரையில் பேசுகிறவனின் குரல்.

"...ரோகரா."

இருக்கிற இடத்தில் இரு என்று சொன்னதை மறந்தேன். என் ஸ்லெட்ஜை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். நின்று, "வேலனுக்கு!" என்றேன். மறுபடி வந்தது, முன்னையதைவிடச் சின்னதாக. மூன்றாம் தரம் கத்தியபோது ஒன்றும் வரவில்லை. நான் விடவில்லை. கத்திக்கொண்டே போனேன். அவன்மேல் தடக்கி விழுந்தேன்.

ஒரு சின்னக் கல்லின் மறைவில் குந்தியிருந்தான். மேல்சட்டை திறந்து கிடந்தது. உறைந்துபோகிறவனுக்குக் கடைசியில் வெக்கையாக இருக்குமாம், தானே கழற்றுவானாம் என்று அவனே எனக்குச் சொல்லித் தந்திருந்தான். வலது கை வெறும் கை. விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தில் அடித்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. என் பெயர் என்னவென்று கேட்டேன், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. என் படுக்கைப் பைக்குள் அவனைத் திணித்து, நானும் உள்ளே நுழைந்து, அந்தக் கையை என் வயிற்றில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். வாய் ஓயாமல் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். துடக்கு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

காற்று தணிந்ததும் பனி ஸ்கூட்டர் வந்தது. என் நெஞ்சிலிருந்த கருவியை வைத்துத்தான் எங்களைக் கண்டுபிடித்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நீங்கள் இவரை உயிரோடு கண்டிருக்கமாட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்.

அங்கே கிடந்தபோது யோகனிடம் கேட்டேன், "நீ அரோகரா எண்டது நினைவிருக்கோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. எனக்கு ஒண்டும் நினைவில்லை."

அந்த நிலையில் ஒருவருக்கு நினைவு தங்காது என்று டொக்டர் விளக்கினார். இருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதவன் அந்த ஒரு சொல்லுக்கு எப்படிப் பதில் சொன்னான் என்று அவரிடம் கேட்க எனக்கு இங்கிலிஷ் காணாது. எனக்கு விளக்கமும் தேவையில்லை. கேட்டேன், தந்தார்.

கேட்டதைத் தந்தார். கேட்காததற்கு நான் யாரைக் கேட்பது? யோகனை விமானத்தில் ஏற்றவே கூடாது என்றிட்டார்கள். ஊரில் அக்கா இன்னும் ஒரு நாள் பெட்டியை வைத்திருந்து பார்த்தா. பிறகு ஏலாமல் போய்விட்டது. "நீங்களெண்டாலும் போங்கோ அண்ணை" என்று அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? அக்காவின் கணவர், எங்கள் அத்தான்தான் கொள்ளி வைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு போனில் பார்த்தோம். நான் போனைப் பிடித்தேன். படம் நின்று நின்று வந்தது. அம்மாவின் முகத்தை மூடும்போது யோகன் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினான். வலது கையில் பெரிய பந்து மாதிரிக் கட்டு. கும்பிட முடியவில்லை. பந்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்தான். ஒரு சத்தமும் போடவில்லை. அவன் கத்தி அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

லண்டனுக்கு வந்த பிறகு அவன் என்னோடு பேசவில்லை. கோபம் என்று சொல்லமுடியாது. கேட்டால் ஓம், இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான். ஒரே வீட்டில் என் கண்முன்னால் இருந்தான், உயிரோடு இருந்தான், அதுவே பெரிது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, துடக்குக் கழிக்கிற கிரியை. ஊரில் அக்கா வீட்டிலும் செய்தார்கள், ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டிலும் செய்தோம். ஐயர் வந்து எல்லாம் பரப்பி வைத்தார். கடைசி மகன் என்று யோகனை முன்னால் இருத்தினார். தர்ப்பையில் மோதிரம் முடிந்து, "வலது கையைக் காட்டுங்கோ" என்றார். மோதிர விரலில் அதைப் போட வேண்டும்.

யோகன் கையை நீட்டினான். கட்டுக்கு வெளியில் ஒரு விரலும் தெரியவில்லை. ஐயர் தர்ப்பை மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைப் பார்த்தார். கமலா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அவன் பேசினான். "ஐயா, அண்ணைக்குப் போடுங்கோ. நான் அவரின்ரை கையைப் பிடிக்கிறன். ரெண்டு பேரின்ரையும் ஒரு கையெண்டு எடுங்கோ."

ஐயர் என் விரலில் மோதிரத்தைப் போட்டார். யோகன் தன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். எள்ளும் தண்ணியும் என் கையால் விழுந்தது, அவன் பிடித்த பிடியில் விழுந்தது. அம்மாவின் பெயரை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். அப்போதுதான் அவன் கத்தி அழுதான். நானும் அழுதேன். முடிந்த பிறகும் அவன் என் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு சத்திரசிகிச்சை செய்து மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இனி மீன் வெட்ட ஏலாது. கடையில் கோல் எடுத்து ஓடர் எழுதுகிறான், இடது கையால். கத்தி பிடிக்கிற மற்ற ஆட்களைப் பார்த்துக்கொண்டு சில நேரம் அப்படியே நின்றுவிடுவான் என்று முதலாளி எனக்குச் சொன்னார். என்னிடம் பகிடி விடுவான், "முருகன் ஆளைத் திருப்பித் தந்திட்டார் அண்ணை, மூண்டு விரலைக் கமிசனாய் எடுத்திட்டார்." நான் ஏசுவேன். அவன் சிரிப்பான்.

துடக்குக் கழிந்து முதல் வெள்ளிக்கிழமை ஆர்ச்வேக்கு வந்தபோது வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். துடக்கோடு கூப்பிட்டவன் நான். சன்னிதியில் நின்று, கோவமோ என்று கேட்டேன். திரை விலகியது, தீபம் காட்டினார்கள், எல்லோரோடும் நானும் பார்த்தேன். என் பக்கத்தில் யோகன் நின்றான். அவன் நிற்பதே எனக்குப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். கூப்பிட்ட என் வாயிலும் துடக்கு, பதில் சொன்ன அவன் வாயிலும் துடக்கு. அதற்காக அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நான் மாறிவிட்டேன். எந்தச் செய்தியையும் இப்போது ஒளிப்பதில்லை. நோகும் என்று தெரிந்தாலும் பக்கத்தில் இருந்து சொல்லிவிடுவேன். அம்மாவின் சட்டத்தை நான் மீறவும் இல்லை. துடக்கு நாட்களில் இப்போதும் கோயிலுக்கு வரமாட்டேன். ஆனால் எங்கள் வீட்டுக் காலண்டரை இனி ஒருவரும் திருப்பமாட்டோம்.

இந்த மலர் கோயிலில்தான் கிடைக்கும். சாவு விழுந்த வீட்டுக்காரர் இந்த மாதம் கோயிலுக்கு வரமாட்டார், இது அவர் கையில் போய்ச் சேராது. நான் எழுதியது அவருக்குத்தான். ஆகவே இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வீடு ஒன்று இருக்கும். சவுத்தாலிலோ, ஸ்ட்ரெதமிலோ, உங்கள் தெருவிலேயோ. இதை எடுத்துக்கொண்டு போங்கள். வாசலில் நின்று நீட்டிவிட்டு ஓடிவராமல் உள்ளே போய் அவர் பக்கத்தில் இருங்கள். என் சார்பில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: வாய் சுத்தமாகுமட்டும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்பவே கூப்பிடுங்கோ.